ஜன்னல் திரை குட்டையான கதை

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், எழுந்திருக்கிறோம், அந்த மட்டில் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகவே நலமாக இருக்க வேண்டும். தம்பியைப் பாதி வேலையில் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றைக்கு யார் யார் இருந்தார்கள், என்னதான் நடந்தது என்று போனில் கேட்டாய். போனில் சொன்னால் அவன் காதில் விழும், உன் மாமாவிடம் கேட்டால் அவர் தன்னைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லாதது மாதிரி சொல்வார். எனக்குப் படிப்புதான் இல்லை, ஞாபகத்துக்குக் குறைச்சல் இல்லை. அன்றைக்கு முன்னறையில் இருந்தது நான், உன் தம்பி, அவனை அழைத்துவந்த கண்டக்டர் நெட்டையன், மருந்துக்கடையில் பாதியில் சொல்லிவிட்டு ஓடிவந்த மருமகள், சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கிவந்த உன் சின்ன மாமா, அப்புறம் வெளிச்சம் விழுகிற ஜன்னலோரத்தில், நான் எப்போதும் உட்காருகிற நாற்காலியில், மருமகளைப் பெற்ற நம் சம்பந்தியம்மாள். அவர்கள் மகள் குட்டி பள்ளிக்கூடத்தில் இருந்தாள், நல்லவேளை.

சம்பந்தியம்மாள் ஏன் இருந்தாள் என்று கேட்காதே. அவள் எப்போதுதான் இல்லை? வீடு இரண்டு தெரு தள்ளி, அது போதாதென்று மதியம் ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவாள். பையில் துணிக்கடைக்காரன் கொடுக்கிற பழைய உடுப்புகள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் நீளம் இறக்க வேண்டிய சீருடை, இடுப்பு பெரிசாக்க வேண்டிய பேன்ட்டு. பழைய தையலைப் பிரிப்பதுதான் பாதி வேலை, தைப்பது பிறகு. நம் வீட்டு ஜன்னலில் வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். கல்யாணம் முடிந்த மறுநாளே என் டீயைக் குடித்துவிட்டு, "சம்பந்தி, எங்க வீட்ல இதைத்தான் கொதிக்க வெச்சுக் கை கழுவுவோம்" என்று சிரித்தவள் அவள். எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய், அதையும் நான் மறக்கவில்லை.

நடந்தது இதுதான். நெட்டையன் சொன்னான், ஸ்டாப்பில் எல்லாரும் ஏறியாகிவிட்டது, இவன் விசில் கொடுத்தான், வண்டி நகரவில்லை. மறுபடியும் விசில். பின்னாலிருந்து ஹாரன், உள்ளேயிருந்து ஒரு ஆள், "டிரைவரு தூங்கிட்டாரா, எழுப்பி விடுப்பா" என்று கத்தியிருக்கிறான். போய்ப் பார்த்தால் உன் தம்பி இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான், கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிகிறது. என்னண்ணே என்றால், ஒண்ணுமில்லடா என்கிறான். நெட்டையன் நல்ல பிள்ளை, ஆட்களை அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டு, டிப்போவுக்குச் சொல்லிவிட்டு, தோளைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்தான். உடம்பில் ஏதோ என்றுதான் நான் நெற்றியைத் தொட்டேன், வயிற்றைத் தொட்டேன். முகத்துக்கு நேரே உட்கார்ந்து தாடையைப் பிடித்துக் கேட்டேன், என்னடா ஆச்சு, யார் என்ன சொன்னா, அம்மாகிட்ட சொல்லுடா என்று. "ஒண்ணுமில்லம்மா." மருமகள் அழுதுகொண்டே கேட்டாள், அவளுக்கும் ஒண்ணுமில்ல. உன் மாமா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "ஆம்பளப் புள்ள நடுரோட்ல அழுதா பாக்கிறவன் என்னடா நெனப்பான், மூஞ்சியக் கழுவிட்டு ஒரு தூக்கம் போடு, காலைல எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். அவன் தலையை ஆட்டினான். எதற்கு வேண்டுமானாலும் ஆட்டுகிற தலையாக இருந்தது அது.

அப்போது ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல், "மாப்ள, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, இந்தத் தையலைக் கொஞ்சம் பிரிச்சுக் குடுங்களேன்." எனக்குத் தலையில் ஏறிவிட்டது. நிற்கக்கூட முடியாமல் வந்திருக்கிற பிள்ளையிடம் வேலை வாங்குகிறாளே என்று வாயைத் திறப்பதற்குள் அவன் எழுந்து போய் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரு பேன்ட்டை மடியில் போட்டாள், தடித்த ஊசி ஒன்றைக் கையில் கொடுத்தாள். அவளும் ஒன்றை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு இழையை நெம்புவது, இழுப்பது, அடுத்த இழையை நெம்புவது. அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. துணிக்கடைக்காரனைத் திட்டினாள், நூல் விலையைத் திட்டினாள். நான் டீ போடப் போனவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒரு காலைப் பிரித்து முடித்து இன்னொரு காலுக்குப் போகும்போது, யாரும் கேட்காமலே, துணியைப் பார்த்தபடியே சொன்னான், "அத்தை, காலைல கண்ணு முழிச்சதும் ஏன்டா முழிச்சோம்னு இருக்கு."

அத்தை என்றான், அம்மா என்று சொல்லவில்லை. பத்தடி தூரத்தில் நான் நிற்கிறேன்.

அவள் நிமிரவேயில்லை, "எப்பலேருந்து மாப்ள" என்றாள். ரொம்ப நாளாக என்றான். சோறு மண்ணு மாதிரி இருக்கிறது என்றான். மேம்பாலத்தில் ஏறும்போது வண்டியை அப்படியே நேராக விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது, அப்புறம் கண்ணாடியில் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் தெரிவார்கள், யாராவது பிள்ளையை மடியில் வைத்திருப்பார்கள், அதனால்தான் இன்றைக்கு வண்டியை எடுக்கவில்லை என்றான். பெரியவளே, பெற்ற வயிறு என்று சொல்கிறோமே, அது அன்றைக்கு என்ன பாடு பட்டது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அவள் கேட்டாள், உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி, "சாகணும்னு தோணுதா மாப்ள?" உன் மாமா, "என்னம்மா பேச்சு இது, வீட்ல வெச்சு" என்று துள்ளினார். "நீங்க சும்மா இருங்கண்ணே" என்றாள், அவரை அப்படிச் சொல்ல என்னாலேயே முடிந்ததில்லை. அவன் ஒரு இழையை முழுசாக இழுத்து எடுத்துவிட்டு, "சில நேரம், ஆமா அத்தை" என்றான். "சரி. சொன்னீங்களே, இனிமே இது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். நீங்க தனியா இருக்க வேண்டாம். காலைல டாக்டர்கிட்ட போவோம், நான் வரேன்" என்றாள். நான்தான் அம்மா, நான் போவேன் என்றேன். நீங்க சாலையைக் கடக்கவே பயப்படுவீங்களே சம்பந்தி என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அது வந்தது பார். கடைசியில் இரண்டு பேருமே போனோம், காரில் அவனை நடுவில் வைத்துக்கொண்டு. ராத்திரி முழுக்க மருமகள் அவன் பக்கத்தில், நெட்டையன் முன்னறையில் பாய் போட்டுப் படுத்தான், அவனை யாரும் இருக்கச் சொல்லவில்லை.

டாக்டர் உன் வயதுப் பெண்தான். என்னைப் பார்த்து, தைரியமா இருன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா, தைரியமா இருந்துதான் இவ்வளவு நாளும் ஓட்டியிருக்கார் என்றாள். அது எனக்குப் பிடித்தது, மாமாவிடம் வந்து இரண்டு தடவை சொன்னேன். பிடிக்காதது ஒன்றும் கேட்டாள், வீட்ல யார்கிட்ட மனசு விட்டுப் பேசுவீங்க என்று. உன் தம்பி, அத்தைகிட்ட என்றான். சம்பந்தி பெருமைப்படுகிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன், படவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. மாத்திரையை யாராவது பொறுப்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் நான் பறித்துக்கொண்டேன், இப்போது அது என் பீரோவில், சாவி என் கழுத்தில். வாராவாரம் டாக்டரிடம் பேசப் போகிறான். டிப்போவில் கொஞ்ச நாளைக்கு ஸ்டியரிங் வேண்டாம் என்று ஷெட்டில் போட்டிருக்கிறார்கள், வண்டி உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்துக்கொள்கிற வேலை. சாயங்காலம் ஆனால் நேரே அத்தை வீட்டுக்குப் போய் தையல் பிரிக்கிறான்.

நானும் சும்மா இருக்கவில்லை. நம் வீட்டில் பிரிக்க என்ன இருக்கிறது என்று தேடினேன், ஒரு கந்தல்கூட இல்லை, எல்லாவற்றையும் அவள் வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். கடைசியில் நீ அனுப்பிய ஜன்னல் திரையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தேன். கோபப்படாதே. அவன் வந்தான், பார்த்தான், "அம்மா, இது அக்கா அனுப்பின புதுசாச்சே" என்றான். நீளம் ஜாஸ்தி, தரையைக் கூட்டுது, அடியைப் பிரிச்சுக் குடு என்றேன். எதற்காக என்று தெரிந்துவிட்டது அவனுக்கு, உதட்டோரம் லேசாகச் சிரித்தான், ரொம்ப நாளைக்கப்புறம் பார்த்த சிரிப்பு. உட்கார்ந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு துணியையே பார்த்தேன். கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்து வந்து போயிற்று, பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினேன். அடி முழுக்கப் பிரித்தாயிற்று, அவன் வாயைத் திறக்கவில்லை. பக்கவாட்டையும் கொடுத்தேன். அதையும் பிரித்து முடித்துத் துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்திருக்கும்போது சொன்னான், "இன்னைக்கு மத்தியானம் பசிச்சுதும்மா." அவ்வளவுதான். சோறு மண்ணாக இருந்தவனுக்குப் பசித்திருக்கிறது, அதை என்னிடம்தான் முதலில் சொன்னான். மறுநாள் ஏதோ பேச்சுவாக்கில் வருகிற மாதிரி சம்பந்தியிடம் சொன்னேன், அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு அது போதும்.

திரை இப்போது ஜன்னலில் பாதி வரைக்கும்தான் தொங்குகிறது, மறுபடி தைப்பதற்கு அவளிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு அனுப்புவதானால் நீளமாக அனுப்பு, தையல் நெருக்கமாக இருக்கட்டும். நீ போன் பண்ணும்போது, இப்ப எப்படிடா இருக்கு என்று ஆரம்பிக்காதே, உன் வீட்டு அடுப்பு கெட்டுப்போனதைச் சொல், பிள்ளைகள் போடுகிற சண்டையைச் சொல், அவன் வழிக்கு அவனே வருவான். மாப்பிள்ளையிடமும் போன தடவை பேசினேன், எப்படி இருக்கீங்க என்றால் ஒண்ணுமில்லத்தை என்றார். நான் கேட்டது எப்படி இருக்கிறீர்கள் என்று, அதற்கு ஏன் ஒண்ணுமில்லை? காய் நறுக்கும்போது அவரையும் பக்கத்தில் உட்கார்த்திவை. முகத்தைப் பார்க்காதே.

நீங்கள் எல்லாரும் நல்ல உடம்போடும் நல்ல மனசோடும் இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு என் முத்தம். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, சொன்னால் கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

அன்றைக்கு இருந்தவர்களில் உன் மாமாவை மன்னித்துவிட்டேன், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒருத்தியை மட்டும் மன்னிக்கமாட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் காய் நறுக்கக் கத்தியைத் தேடினேன், காணவில்லை. வீட்டையே புரட்டினேன். அவள் கிளம்பும்போது மெதுவாக, "அரிசி டின்னுக்குள்ள இருக்கு சம்பந்தி, இப்ப எடுக்காதீங்க" என்றாள். அப்புறம் முந்தானை முடிச்சை அவிழ்த்து, காகிதத்தில் சுற்றிய பிளேடை எடுத்துப் பையில் போட்டாள். எப்போதும் அதை வைத்துத்தான் தையல் பிரிப்பாள். கண் தெரியவில்லை என்றதெல்லாம் பொய். அவன் வாசலில் செருப்பைக் கழற்றியபோதே முகத்தைப் பார்த்துவிட்டு, பிளேடை ஒளித்து, நாங்கள் அவனைச் சுற்றி நிற்கும்போது உள்ளே போய்க் கத்தியை ஒளித்து, ஊசியைக் கொடுத்திருக்கிறாள். நான் தாடையைப் பிடித்துப் பார்த்தும் தெரியாதது, ஜன்னலோரத்தில் இருந்தபடியே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் பிள்ளையின் முகத்தை எனக்கு முன்னால் படித்ததற்காக, உயிரோடு இருக்கிறவரை நான் மன்னிக்கப்போவதில்லை, உன் தம்பியின் மாமியாரை.

இப்படிக்கு,
உன்னையும் அவனையும் பெற்றவள்.