லைசன்ஸில் ஒட்டிய புது முகம்

பெருமாட்டி
மாசி மாதம், 1976

அன்பு மகன் சின்னமுத்துவுக்கு அம்மா பெரியம்மாள் எழுதிக்கொள்வது. பிலாயில் நீயும் சாந்தம்மாளும் குழந்தையும் நோய்நொடி அண்டாமல் இருக்க மாரியாத்தாள் துணை. இங்கே உங்கப்பா எழுந்து நடக்கிறார், சோறு உண்கிறார், இப்போதைக்கு எங்கள் சௌக்கியம் அவ்வளவுதான். அழகுமலையை வெட்டாமல் விடமாட்டேன், ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று நீ எழுதிய கடிதம் வந்தது. தந்தியில் அப்பாவை அழகுமலை வெட்டிவிட்டான் என்று மட்டும்தான் கொடுக்க முடிந்தது. அதனால் நடந்ததை முழுக்க எழுதுகிறேன், படித்து முடிக்கிறவரை எதுவும் செய்துவிடாதே கண்ணு.

தமிழ்நாட்டில் திரும்பவும் மதுவிலக்கு வந்ததிலிருந்து, நம் கேரளப் பக்கத்துச் சாராயத்தை லாரி டியூபில் அடைத்து, உங்கப்பா ஓட்டும் பொள்ளாச்சி பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. செக்போஸ்டில் பிடித்தால் கொண்டுவந்தவன் இறங்கி ஓடிவிடுவான், மாட்டுவது டிரைவர்தான். அன்றைக்கு அழகுமலை கொழிஞ்சாம்பாறையில் ஏறி, பால்குடிக் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தியின் காலடியில் டியூபைத் திணித்திருக்கிறான். உங்கப்பா வண்டியை ஓரங்கட்டி, ஏனுங்க, கொழந்தை இருக்கற எடத்துல இது வேண்டாமுங்க, எறக்கிப்போடுங்க என்று மரியாதையாகத்தான் சொன்னாராம். உன்ற வேலை ஓட்டறது, ஓட்டு என்று அவன் சொல்லியிருக்கிறான். உங்கப்பா டியூபை இழுத்து வாய்க்காலில் வீசிவிட்டுத் திரும்பினார், அவ்வளவுதான், கள்ளிறக்குகிற பாளைக்கத்தியால் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒரே இழுப்பு, இடது காதில் பாதி இல்லை. தக்காளிக் கூடையோடு முன்னால் உட்கார்ந்திருந்த நம் வள்ளியாத்தாள்தான் இதெல்லாம் எனக்குச் சொன்னது. கண்டக்டர் இறங்கி ஓடிவிட்டான், இவள்தான் அழகுமலையின் கத்தி பிடித்த கையைக் கவ்விக் கடித்துத் தொங்கியிருக்கிறாள். அதற்குள் உங்கப்பா ஜாக்கிக் கம்பியை எடுத்து அவன் முழங்காலில் அடித்தார், எலும்பு முறிந்த சத்தம் பஸ்ஸின் பின்சீட்டுவரை கேட்டதாம். விழுந்தவனை இன்னொரு அடியும் அடித்தார். அதையும் உனக்கு மறைக்கவில்லை.

ஜனங்கள் அவனைக் கீழே இழுத்துப்போட்டுக் கல்லைத் தூக்கிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அங்கேயே செத்திருப்பான். உங்கப்பாதான் ரத்தம் ஒழுக நின்று, அவனெயும் வண்டீல ஏத்துங்க என்று கத்தியிருக்கிறார். வள்ளியாத்தாள் முந்தானையைக் கிழித்து முகத்தைச் சுற்றிக் கட்ட, வலது கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு நம் சித்தூர் ஆஸ்பத்திரி வாசல்வரை அந்த பஸ்ஸை அவரே ஓட்டிக்கொண்டு போனார், தன்னை வெட்டியவன் பின்னால் கிடந்து அலற. நிறுத்திய பிறகுதான் ஸ்டீயரிங்மேல் சாய்ந்தாராம்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அழகுமலையின் அண்ணன் ஒரு காலையில் நம் வாசலுக்கு வந்தான், கையில் அரிவாள். டியூபு அவனுது இல்லீன்னு போலீசுல சொல்லச் சொல்லு, இல்லீன்னா உன்ற புருசன் கையெ வாங்கிப்போடறேன், அப்புறம் என்னத்தப் புடிச்சு ஓட்டறதுன்னு பாக்கலாம் என்றான். நான் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டே நம் வெள்ளாட்டுக் குட்டியைப் பிடித்து என் கண்முன்னாலேயே கழுத்தை அறுத்தான். எனக்கு என்ன வந்ததோ, அண்டாவிலிருந்த கொதிதண்ணீரைச் செம்பால் மொண்டு அவன் மார்பில் வீசினேன். அரிவாளைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு தோப்புக்குள் ஓடினான். அவனும் இப்போது போலீஸ் காவலில்தான் இருக்கிறான். ஆனால் அந்த அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை, அடுப்பு மூட்டும்போதெல்லாம் கேட்கிறது.

இதற்கிடையில் உங்கப்பாவின் லைசன்ஸ் காலாவதியாகிவிட்டது. தையல் பிரித்த உடனே பாலக்காட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். அதில் நம் பழைய கொழிஞ்சாம்பாறை விலாசமே இருந்தது, அதையும் மாற்றவேண்டியிருந்தது. குமாஸ்தா லைசன்ஸ் புத்தகத்தையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது வேறே ஆளாணல்லோ என்றார். அதே ஆளுதானுங்க, மூஞ்சிதான் மாறிப்போச்சுங்க என்றார் உங்கப்பா. புதுப் படம் எடுக்கப் போன இடத்தில் ஸ்டுடியோக்காரர் நல்ல பக்கமாகத் திரும்பச் சொன்னார், இவர் மாட்டேன் என்று நேராகவே உட்கார்ந்தார். டாக்டர் கண்ணைப் பரிசோதித்து, இமை மூடவில்லையே தவிர பார்வை பழுதில்லை என்று எழுதிக்கொடுத்தார். அங்க அடையாளம் என்ற இடத்தில் முன்பு முழங்கை மச்சம் இருந்தது, இப்போது வெட்டுத்தழும்பு. இன்ஸ்பெக்டர் மைதானத்தில் ஓட்டிக்காட்டச் சொன்னார். உங்கப்பா வண்டியை முன்னும் பின்னும் எடுத்துக் காட்டிவிட்டு அமைதியாக இறங்கி வந்தார், கையெழுத்தாகிவிட்டது.

அழகுமலைக்கு இனி கால் மடங்காது என்கிறார்கள், கேஸ் நடக்கிறது, உங்கப்பா சாட்சி சொல்லுவார். உன் பங்குக்கு இங்கே ஒன்றும் பாக்கியில்லை. நீ கத்தியோடு வந்து இறங்கினால் அவன் அண்ணன் தம்பிகள் உன் குழந்தையைத் தேடி வருவார்கள், அப்புறம் இதற்கு முடிவு ஏது? பெண்டாட்டி பிள்ளையோடு வருவதாக இருந்தால் வா, இல்லாவிட்டால் அந்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடு.

நேற்றுத்தான் முதல் தடவையாக மறுபடி ஓட்டினார், மனசு கேட்காமல் நானும் ஏறிப் போனேன். வழியில் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. பொள்ளாச்சி ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகு பஸ்ஸுக்குப் பின்னால் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொடுத்து, போதுமுங்க, வேற யாராச்சும் ஓட்டட்டும், நாம ஊட்டுக்குப் போலாமுங்க என்று அழுதேன். வாயைத் துடைத்துக்கொண்டு, திரும்பறதுக்கு ஆளுக ஏறியாச்சு பெரியம்மாளு, நீயும் ஏறு என்றார்.

உன் லைசன்ஸிலும் பழைய ஹாஸ்டல் விலாசம்தானே இருக்கிறது, குவார்ட்டர்ஸ் விலாசத்துக்கு மாற்றிக்கொள், நாள் தள்ளாதே. பேரனுக்கு என் முத்தம். மூன்று பேரும் நூறு வயது நல்லபடியாக வாழவேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
பொ. பெரியம்மாள்