கடிகாரச் செல்லில் ஓடவேண்டிய மூளை

அன்பு மச்சான் ஞானவேலுக்கு,

உனக்கு லைட் போட்டிருக்கிறார்கள். ஒன்றல்ல, இரண்டு. நம் லேப் வாசலில் கண்ணாடிப் பெட்டி செய்து, உன் போர்டை உள்ளே வைத்து, மேலே இரண்டு ஹாலஜன் விளக்குகளைப் பட்டப்பகலிலும் எரியவிடுகிறார்கள். கைக்கடிகாரச் செல் ஒன்றிலேயே மாதக்கணக்காக ஓடவேண்டும் என்று நீ மண்டையை உடைத்துக்கொண்டு செய்த சிப் அது. இப்போது கண்ணாடியைத் தொட்டால் கை சுடுகிறது. நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாயா? எனக்குக் கத்தவேண்டும் போலத்தான் இருந்தது.

இதை வேறு சிலரும் படிப்பார்கள், அதனால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். சாதாரணக் கம்ப்யூட்டர் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரன்ட்டைத் தின்றுகொண்டே இருக்கும். மூளை நரம்பு அப்படியில்லை, சேதி வந்தால்தான் துடிக்கும், மற்ற நேரம் பெரும்பாலும் சும்மா கிடக்கும். அப்படிச் சும்மா கிடக்கத் தெரிந்த சிப் ஒன்றை நாம் செய்தோம். மரக்காணம் உப்பளத்தில் உப்புத் தண்ணீர் இறைக்கிற மோட்டாரின் சத்தத்தை அது கேட்டுக்கொண்டிருக்கும். கிணறு வற்றி மோட்டார் காற்றை இழுத்தால் சத்தம் மாறும். உடனே விழித்து மணி அடிக்கும். மோட்டார் எரிந்துபோய் உன் அப்பா, என் மாமா, உப்பள முதலாளியிடம் வாங்கிய திட்டெல்லாம் உனக்குள் இருந்தது. அதனால்தான் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு மோட்டாரைப் பிடித்தாய்.

போன வருஷம், 2005 கோடையில், நம் சிப்பைப் பார்த்து மதிப்பிடுகிற கமிட்டிக்காரர்கள் கார் வைத்துக்கொண்டு உப்பளத்துக்கே வந்தார்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தது, மோட்டார் ஒழுங்காக ஓடியது. உன் சிப் மட்டும் விடாமல் மணி அடித்தது.

"இதுக்குப் பேருதான் மூளையா? காரணமே இல்லாம கத்துதேப்பா" என்றார் நம் துறைத் தலைவர். மற்றவர்கள் சிரித்தார்கள். வாங்கிக் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

கார் மறைவதற்குள் நீ போர்டை விரலால் வழித்து நாக்கில் வைத்தாய்.

"டேய் மச்சான், உப்புடா! ஏசி ரூமுலயே வச்சிப் பாத்துக்கினு இருந்துட்டோம்டா."

காற்றில் வந்த ஈர உப்பு போர்டின் மேல் படிந்திருந்தது. சிப்பின் நரம்புகளில் ஓடுகிற மின்சாரத்தைவிட அந்த ஈரத்தின் வழியே கசிந்தது அதிகம், அதைச் சேதி என்று நினைத்துத்தான் சிப் கத்தியது. கரன்ட்டை அவ்வளவு குறைத்திருந்தோம் நாம், அதுதான் நம் பெருமை. சைக்கிள் செயினில் உப்புத் துரு ஏறாத நாளே பார்க்காத இரண்டு பேர் உப்புக் காற்றை மறந்துபோனோம். வெளியூர்க்காரன் மறந்திருந்தால் மன்னிக்கலாம்.

இன்னொரு முறை காட்டுகிறோம் என்று கேட்டோம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். நீ காத்திருக்கவில்லை. கடைத்தெருவில் மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போய், காயிலுக்குப் பூசுகிற வார்னிஷைக் கேட்டு வாங்கி, போர்டைக் கழுவிக் காயவைத்துப் பூசினாய். "மோட்டாருக்குள்ள ஏறாத உப்பு இதுல மட்டும் எப்பிட்றா ஏறும்?" என்றாய். டிபன் பாக்ஸில் வைத்து மூடிக்கொண்டு, உப்பளத்தில் மாட்டிப் பார்க்கப் பைக்கில் கிளம்பினாய். ஈசிஆர் ரோட்டில் அந்த லாரி வந்தது. உன்னை அடித்துவிட்டு நிற்காமல் போனது. டிபன் பாக்ஸ் நசுங்கவே இல்லை, மச்சான். அதைக் கையில் வாங்கியபோது எனக்கு அதன் மேலேயே ஆத்திரம் வந்தது.

திறப்பு விழாவில் துறைத் தலைவர் உன்னை மேதை என்றார், மைக்கில் அழவும் அழுதார். பெட்டிக்குக் கீழே பித்தளைத் தகடு. அதில் உன் பெயர், அடுத்த வரியில் 'முற்றுப்பெறாத முயற்சி'. உன் அம்மாவை, என் அத்தையை, முன்வரிசையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தினார்கள். கூட்டம் கலைந்த பிறகு பெட்டி முன்னால் நின்று என்னைக் கேட்டது அத்தை.

"ஏம்பா மணி, இது ஓடுமா?"

"தெரியல அத்தை. வார்னிஷ் பூசினதுக்கப்புறம் யாரும் போட்டே பாக்கல."

"போட்டுப் பாக்காமலா எம் புள்ளைக்கு இப்பிடி எழுதி வச்சாங்க?"



நேராகத் துறைத் தலைவரிடம் போனேன். "சார், ஒரே ஒரு நாள் குடுங்க. உப்பளத்துல மாட்டிப் பாத்துட்டுத் திருப்பிக் கொண்டாந்துடறேன்" என்றேன். "நினைவுப் பொருளப்பா அது, ஏதாவது ஆயிட்டா?" என்றார். இனிமேல் ஆக என்ன இருக்கிறது? உயிரோடு இருந்தவனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு, செத்தவனுக்குப் பித்தளை வாங்க மட்டும் மனசு வந்துவிட்டது.

கேட்டது போதும். இந்த உப்பு சீசனில் அந்தப் போர்டு பெட்டியில் இருக்காது. வேலை போனால் போகட்டும். அத்தையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மோட்டாரில் மாட்டுவேன். ஓடினால் ஓடியது என்று தகட்டில் எழுதுவேன். ஓடாவிட்டால் தோற்றது என்று என் கையாலேயே எழுதுவேன், தோற்கவும் உனக்கு உரிமை உண்டு. முற்றுப்பெறவில்லை என்று மட்டும் எவனையும் சொல்ல விடமாட்டேன். நீ வேலையை முடித்துவிட்டுத்தான் வண்டி எடுத்தாய்.

உன் அத்தை மகன்,
மணி