வாளிக்குள் கிடந்த சென்சார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் சொன்னால் பொய்யாகிவிடும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். உன் அக்கா மகளுக்கு ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறதாம். கடகடவென்று பேசிக்கொண்டிருந்தவள் தெரிந்த வார்த்தைகளையே ஒவ்வொன்றாக மறக்கிறாள். கடைசியாகப் பார்த்தபோது என்னைத் தாத்தா என்று கூப்பிடவில்லை, சட்டையைப் பிடித்து இழுத்தாள். போன பேச்சு முழுசாகத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் கிணற்றுத் தண்ணீரிலும் ஈயம்தான்.

பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் அந்த வெளிநாட்டுக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தபோது தெருவே பெருமைப்பட்டது, நீயும்தான். வாய்க்காலில் விடும் கழிவுநீரில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று அளக்கப் புதிதாக ஒரு சென்சார் வைத்தார்கள், வாசலில் பெரிய திரை, அளவு சரியாக இருந்தால் பச்சை எரியும். முதல் வாரமே சிவப்பு. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பணம் போட்டவங்க அங்க இருந்தே பாக்கறாங்க. சிவப்பு எரிஞ்சா ஆலையை மூடிருவாங்க, எண்ணூறு குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்" என்றார். அன்றிலிருந்து இரண்டு வருடம், தினமும் காலையில் சென்சாரை வாய்க்காலிலிருந்து எடுத்து ஒரு வாளி நல்ல தண்ணீரில் போட்டவன் நான்தானம்மா. ஊருக்கே சோறு போடுகிறவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேறு நடந்தேன், அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல.

டாக்டர் சொன்ன மறுநாளே சுற்றுச்சூழல் அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார், இரண்டு வருடமும் ஒரே பச்சை. மெஷின் சொல்வதை நம்புவதா உங்களை நம்புவதா என்று கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். அடுத்த நாள் ஆலை வாசலில் என்னை உள்ளே விடவில்லை. வாளி வைக்க வேறு ஆள் வந்துவிட்டான், திரையில் இன்றும் பச்சைதான். பிழைப்பில் மண் போடப் பார்த்தவன் என்று பக்கத்து வீட்டுக்காரர்கூட முகம் கொடுப்பதில்லை, அவர் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன.

அக்காவிடமும் சொன்னேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்கதானேப்பா தினமும் நம்ம கிணத்துலேர்ந்து இவளுக்குத் தண்ணி எடுத்துக் குடுத்தீங்க" என்றாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும். விடுமுறைக்குக் குழந்தையோடு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட்டை ரத்து செய்துவிடு. இந்தப் பேத்தியை ஒரு தடவையாவது மடியில் வைத்துப் பார்க்கத் துடிக்கிறவள் உன் அம்மா. அவள் சொல்லித்தான் எழுதுகிறேன், வராதே.

இன்னமும் உனக்கு,
அப்பா