கட்டில் உயரத்தில் நிற்கும் சுவர்

கடப்பாக்கம்,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் ரஞ்சிதாவுக்கு நைனா எழுதுவது.

இங்கே அம்மாவும் கிஷோரும் நானும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். கடல் தாண்டி வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளை ஹேமந்தும் அப்படியே இருக்க கங்கையம்மன் காவல். உடம்புக்கு வெளியே இருக்கிற குறையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனைக் காதில் வைத்தால் நான் ஏலம் கூவுகிற மாதிரி கத்துவேன் என்று நீயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய், அதுவுமில்லாமல் இப்போதெல்லாம் அம்மா கூப்பிட்டால் நீ எடுக்கிறாய், நான் கூப்பிட்டால் மாப்பிள்ளை எடுக்கிறார். கிஷோர் இதைப் போட்டோ பிடித்து அனுப்பிவிடுகிறேன் என்றான். உன் தம்பி முதலில் தான் படித்துவிட்டுத்தான் அனுப்புவான், அதனால் தபாலிலேயே போடுகிறேன்.

ஊர்ச் சேதி என்றால், கரையில் நெத்திலி நன்றாக விழுகிறது, விலைதான் விழுந்து கிடக்கிறது. மாமல்லபுரத்து ஓட்டல்காரர்கள் பெரிய இறாலுக்கு அலைகிறார்கள், நம் பக்கம் பொடி இறால்தான் வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, செங்கல்பட்டு டாக்டர் மாடிப்படி ஏறுவதைக் குறைக்கச் சொன்னார். மாடியில் சுவரை இடித்த அன்று ஒரு தடவை ஏறிப் பார்த்தாள், அதற்குப் பிறகு ஏறவேயில்லை. முழங்காலுக்காக ஏறவில்லையா எனக்காக ஏறவில்லையா என்று நான் கேட்கவில்லை. சித்திரையில் தடைக்காலம் ஆரம்பித்துப் படகெல்லாம் கரையேறினதும் நீங்கள் வருகிறீர்கள் என்று வீடே உன்னை எதிர்பார்த்திருந்தது. போன வாரம் அம்மாவிடம், படாளத்தில் ஹேமந்த் வீட்டிலேயே தங்கிவிட்டுக் கடப்பாக்கத்துக்கு ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறோம் என்று சொன்னாயாம். வந்து பார்த்துவிட்டுப் போவது என்றால் விருந்தாளி. சம்பந்தி வீடு நல்ல வீடு, அங்கே நீ தங்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எதனால் அப்படிச் சொன்னாய் என்பது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அது எப்படி நடந்தது என்பதுதான் உனக்குத் தெரியாது.

கிஷோர் மாடி ஹாலில் ப்ரொஜெக்டர் வைக்கலாம், அக்கா வந்தால் பெரிய படமாகப் போட்டு இரண்டு பேரும் பழையபடி கேம் விளையாடலாம் என்று ஆரம்பித்தபோது நீதான் தெளிவாகச் சொன்னாய். ஹால் சின்னது, சுவருக்குப் பக்கத்திலேயே வைக்கிற ஷார்ட் த்ரோ வாங்குங்கள், யார் எழுந்தாலும் நிழல் விழாது, பட்டனை அழுத்தினால் படம் தாமதிக்காமல் ஓடுகிறதா என்று கடையிலேயே விளையாடிப் பாருங்கள் என்றாய். எல்லாவற்றையும் நான் கேட்டுக்கொண்டேன். செங்கல்பட்டுக் கடைக்குப் போகும்போது கிஷோரை மட்டும் ஐஸ் ஃபேக்டரியிலேயே விட்டுவிட்டுப் போனேன். அவன் ஆசைப்பட்ட சாமானைப் பார்த்தால் வாயைத் திறந்துகொண்டு நிற்பான், கடைக்காரன் அந்த வாயைப் பார்த்தே விலை சொல்லுவான் என்று நினைத்தேன்.

நம் தொழில் உனக்குத் தெரியும். வஞ்சிரம் வேண்டும் என்றால் வஞ்சிரக் கூடைப் பக்கம் திரும்பக்கூடாது. கானாங்கெளுத்தியைக் கிளறிக்கொண்டு நிற்க வேண்டும், அதற்குப் பேரம் பேச வேண்டும், கிளம்புகிற மாதிரி கிளம்பி, போகிற போக்கில் அது என்ன விலை என்று வஞ்சிரத்தைக் காட்ட வேண்டும். வெறும் கையோடு கரைக்கு வந்தவன் வியாபாரி ஆனது இந்த வித்தையால்தான். அதையே அந்தக் கடையிலும் செய்தேன். ஷார்ட் த்ரோவை எட்டிப் பார்க்காமல், தூரத்திலிருந்து அடிக்கிற பெரிய ப்ரொஜெக்டர் ஒன்றின் முன்னால் நின்று பேரம் பேசினேன். அவன் இறங்கினான். நான் கிளம்பினேன், இன்னும் இறங்கினான். வாசல்வரை போய்விட்டேன், பின்னாலேயே வந்து இன்னும் இறங்கினான். அவ்வளவு அழகாக விலை இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்குக் கை நிற்கவில்லை. கிளறிப் பார்க்கப் போன கானாங்கெளுத்தியையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். விலை தானாக இறங்கினால் செவுளைத் தூக்கிப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவன், அன்று செவுளைத் தூக்கவில்லை. அது அவனிடம் நெடுநாள் தேங்கிக் கிடந்த சரக்கு.

வீட்டில் வைத்துப் பார்த்தால் படம் பழைய டிவி அளவுக்குத்தான் வந்தது. பெரிதாக வேண்டும் என்றால் பின்னால் தள்ள வேண்டும், பின்னால் உன் அறைச் சுவர். கிஷோர் அப்போதே சொன்னான், திருப்பிக் கொடுத்துவிட்டு அக்கா சொன்னதை வாங்கலாம் என்று. பேரம் பேசி ஜெயித்த சாமானைத் திருப்பிக் கொண்டுபோய் அந்தக் கடை வாசலில் நிற்க எனக்கு மனசு வரவில்லை. சுவரை எடுத்தால் தூரம் கிடைக்கும் என்றேன். அம்மா வழிமறித்து, "அது பொண்ணு ரூம்பு, அதுல கைய வெக்காத" என்றாள். "வருஷத்துக்கு ஒரு வாட்டி வர்றவளுக்கு ஒரு ரூம்பு பூட்டிகினு கெடக்கணுமா" என்றேன். இதை மறைத்து எழுதியிருக்கலாம், அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். என்ன சொன்னேன் என்பதை நீ என் கையெழுத்திலேயே படிப்பதுதான் நியாயம். அம்மா உன் புத்தகத்தையும் துணியையும் மூட்டை கட்டினாள், உன் கட்டிலைக் கழற்றிக் கீழே அவள் பக்கத்தில் போட வைத்தாள்.

கொத்தனார் பக்தவத்சலம்தான் இடிக்க வந்தார். மேலே இரண்டு வரிசை எடுத்ததும், சுவர் எங்கே பொக்காக இருக்கிறது என்று தட்டிக்கொண்டே வந்தவர் என்னைக் கூப்பிட்டார். "அண்ணாத்த, இங்க வந்து பாரு, அரக் கல்லு தனியா கழண்டு வருது. யாரோ வேணும்னே எடுத்துட்டு சொருகி வச்சிகீறாங்க" என்றார். கிஷோர் வந்து பார்த்தான், சிரித்தான், அப்புறம் சொல்லிவிட்டான். நீ பிளஸ் டூ படித்த வருஷம் விளையாட்டே கூடாது என்று உன்னை அறைக்குள் உட்கார வைத்தேன் அல்லவா, அப்போது அந்த அரைக் கல்லைப் பெயர்த்தீர்களாமே. ஹாலில் டிவி எதிர்ச் சுவரில், ஓட்டை வழியே உனக்குப் படம் தெரியும், ஓட்டைக்குள்ளே கேம் ரிமோட் ஒயர் வரும், ஓட்டையை மறைக்க உன் பக்கம் போஸ்டர், ஹால் பக்கம் காலண்டர். ஒரே பையன் இரண்டு பேர் மாதிரி கத்திக்கொண்டு விளையாடுகிறானே, இவனுக்குக் கிறுக்கா என்று நான் கீழே உட்கார்ந்து அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். காலண்டர் ஏன் இவ்வளவு கீழே தொங்குகிறது என்று அம்மா கேட்டதற்கு, லீவு நாள் எட்டிப் பார்க்காமல் தெரிய வேண்டும் என்றானாம். நீ அப்படி விளையாடியும் மார்க் வாங்கினாய், அதனால் அந்தக் கோபம் எனக்கு இல்லை.

என் வருத்தமெல்லாம் அந்த நிமிஷத்தைப் பற்றித்தான். கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தேன், ஓரமெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. இரண்டு பேரும் விளையாடத்தானே ப்ரொஜெக்டர், விளையாடின இடத்தையே இடிக்கிறோமே என்று அப்போதாவது தோன்றியிருக்க வேண்டும். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே "இடி" என்றேன்.

இடித்து என்ன கண்டேன். படம் பெரிதாக வந்தது, அதில் நம் குடும்பமே நிழலாக வந்தது. தண்ணீர் குடிக்க ஒருவர் எழுந்தால் பாதிப் படம் இல்லை. எதிர்வீட்டு முனியம்மா வேடிக்கை பார்க்க வந்து நின்றாள், அவள் கொண்டை கோல் கம்பத்தை மறைத்தது, பந்து கொண்டைக்குள்ளே போய்விட்டது என்று கிஷோர் சொல்ல, அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். உன் ஜன்னல் வழியாகப் பகலில் கடல் வெளிச்சம் அடித்துப் படம் வெளுத்துப் போகிறது. பட்டனை அழுத்தினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பந்தை உதைக்கிறது. ஒரு வாரத்தில் கிஷோர் மறுபடி செல்போனிலேயே விளையாடத் தொடங்கிவிட்டான். அதற்குள் அவன் உனக்கு வீடியோ கால் போட்டு, ஹாலைப் பார் என்று போனைச் சுற்றிக் காட்டினான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நீ பச்சைக் கம்பி ஜன்னலைப் பார்த்துவிட்டு, "நைனா, அது என் ரூம்பு ஜன்னல்தான? செவுரு எங்க?" என்றாய். நான் விலை எவ்வளவு இறக்கினேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். நீ லைனை வைத்துவிட்டாய்.

படாளம் சேதி வந்த மறுநாள் அதே கடைக்குப் போனேன், கிஷோரையும் கூட்டிக்கொண்டு. கடைக்காரனிடம் நேராகப் போய், எனக்கு வேண்டியது ஷார்ட் த்ரோ, இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்றேன். துணியில்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. கிஷோர் உட்கார்ந்து விளையாடிப் பார்த்து, வேகம் சரி என்று தலையாட்டின பிறகுதான் வாங்கினோம். பழையதைக் கடைக்காரன் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டான், அதில் எனக்கு அடிதான், அது போகட்டும். புதியதை டிவி இருந்த இடத்தில் தாழ்ந்த பெஞ்சு போட்டு வைத்திருக்கிறோம், சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை, படம் சுவர் முழுக்க நிற்கிறது, முன்னால் யார் நடந்தாலும் நிழல் இல்லை. சுவரில் கரணை போன இடமெல்லாம் படத்தில் அலை அலையாகத் தெரிந்தது, அதற்கும் திரை வாங்கி மாட்டியாயிற்று. உப்புக் காற்றுக்கு அம்மா துணி உறை தைத்திருக்கிறாள், கீழே இருந்தே. நீ சொன்னது அத்தனையும் சரி. ஹாலுக்கும் உன் அறைக்கும் நடுவில் சுவர் இருந்திருந்தாலும் படம் இவ்வளவு பெரிதாகவே வந்திருக்கும்.

அதனால் பக்தவத்சலத்தை மறுபடி வரச் சொன்னேன். சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. அரைக் கல் இடம் ஒன்று விட வேண்டும் என்றேன். "இன்னா அண்ணாத்த, புதுச் செவுத்துல ஓட்ட உட சொல்ற" என்று கையிலிருந்த கரணையைக் கீழே வைத்துவிட்டார். இப்போது ஒயரே கிடையாது, ஓட்டை எதற்கு என்று கிஷோரும் சொல்லுகிறான். இருக்கட்டும் என்றேன். ஆனால் எந்த உயரம் என்பதில்தான் வேலை நின்றுபோனது. அன்று கல்லைப் பார்த்தேனே தவிர அது எந்த இடத்திலிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. பக்தவத்சலத்துக்கும் நினைவில்லை. கிஷோர் காலண்டர் தன் தோள் உயரம் இருந்தது என்கிறான், அந்த வயதில் அவன் தோள் எங்கே இருந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. நீ கட்டிலில் குப்புறப் படுத்து விளையாடினாயா, தரையில் உட்கார்ந்தா என்று அவன் பார்த்ததில்லை, அவன் எப்போதும் சுவருக்கு அந்தப் பக்கம். சுவர் இப்போது கட்டில் உயரத்துக்கு வந்து நிற்கிறது. இதற்கு மேல் ஒரு கல்லும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய அரைக் கல்லைத் தூக்கிப் போடவில்லை, என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

அங்கே காற்று அதிகம் என்கிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். சம்பந்தி வீட்டில் தங்குகிற நாட்களை நீயே பார்த்து வைத்துக்கொள், அதில் நான் தலையிடவில்லை. உங்கள் இருவரையும் அம்மன் எந்தக் காற்றிலும் சாயாமல் நிறுத்தி வைக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, உயரத்தை எழுதி அனுப்பிவிடாதே, எழுதினால் பக்தவத்சலம் தப்பாகத்தான் வைப்பார். சித்திரையில் வந்து கையை வைத்துக் காட்டு. அதுவரை சுவர் அப்படியே நிற்கும்.

உன் நைனா,
நீலமேகம்