குலுக்கிய பானையும் மிளகுத் தோட்டமும்

நலம் பெருகுக. மழை தவறாத வேரற்குன்ற நாட்டின் பட்டத்தரசியும், தண்டுறை மன்னர் பொறைமாறருக்கு மூத்த உடன்பிறப்புமாகிய நல்லினி தேவியாரின் திருமுன்பு, தண்டுறை அமைச்சன் ஆதன் கீரன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் தினையும் தேனும் குறைவின்றி விளைக. தங்கள் மக்கள் நோயின்றி வாழ்க.

தந்தையார் மறைந்தபின் நடந்த பங்கீட்டு நாளில், சீர் பெற்றுச் சென்ற மகளுக்குப் பங்கில்லை என்னும் பழைய முறைப்படி, மன்னர் தங்களுக்கு விருந்தாளிக்குரிய தாம்பூலத்தை நீட்டினார். தாங்களும் அதை வாங்கிக்கொண்டு, வாய் திறவாமல் பல்லக்கேறினீர்கள். முறை பிசகவில்லை என்று அவையோர் மகிழ்ந்தார்கள். மன்னருக்கோ அன்று முதல் சோறு இறங்கவில்லை.

கப்பலுடைந்து நம் துறையில் கரையேறி, இப்போது அரண்மனை மடைப்பள்ளியில் இருக்கும் ஹென்றி என்னும் ஆங்கிலேயன், சென்ற திங்கள் இறைச்சியும் கிழங்கும் பயறும் ஒன்றாய்க் கொதித்த கலவையொன்றைக் கொண்டுவந்து வைத்தான். பார்க்கச் சகிக்கவில்லை, மணமோ ஆளை இழுத்தது. பெயர் என்னவென்று மன்னர் வினவ, ‘ஹாட்ச்பாட்’ என்றும், குலுக்குதலையும் பானையையும் சேர்த்துப் பிரெஞ்சுக்காரர் வழங்கிய சொல் தன் நாட்டுக்கு வந்து அப்படி ஆனதென்றும் கூறினான். அத்தோடு விட்டானா? முன்பே சீர் பெற்ற மகள் அதைப் பொதுவில் சேர்த்தால், எல்லாவற்றையும் ஒன்றாய்க் கலந்து பிள்ளைகளுக்குச் சமமாய்ப் பிரிப்பதையும் தன் ஊர் வழக்கறிஞர்கள் அப்பெயராலேயே குறிப்பார்கள் என்று வாயெல்லாம் பல்லாக விளக்கினான். மன்னர் பிசைந்த கையை எடுக்காமலேயே கண்கலங்கி, அக்காளை விருந்தாளி ஆக்கிவிட்டேனே என்றார்.

ஆகவே, தங்கள் சீராகிய மிளகுத் தோட்டத்தையும் மன்னர் பெற்ற தந்தைவழி நிலங்களையும் ஒன்றாய்க் கலந்து, சரிபாதியாகப் பிரிக்க முடிவாகியிருக்கிறது. தம்பி தோட்டத்தைத் திரும்பக் கேட்கிறான் என்று தேவியார் எண்ணிவிட வேண்டாம். தங்கள் கோபம் தெரிந்தே இதை அழுத்தி எழுதுகிறேன். கலந்தால் தங்கள் பங்கு கூடுமே தவிரக் குறையாது.

தைப்பூசத்துக்குள் தேவியார் எழுந்தருள வேண்டும் என்பது அரசாணை.

இவ்வளவும் எழுதி முத்திரையிடக் கொண்டுபோனபோது, மன்னர் எழுத்தாணியை வாங்கி ‘அரசாணை’ என்னும் சொல்லைக் கீறி அடித்துவிட்டார். முத்திரையையும் வேண்டாம் என்று தள்ளிவைத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தம் கையாலேயே எழுதியது இது:

“அக்கா, கோவமிருந்தா வந்து என்னைத் திட்டு. பேசாம மட்டும் இருந்துடாதே.”