பின் இருக்கையில் மணல் மூட்டை

ஜனவரி 9

அன்பு டீச்சருக்கு,

நான் நலம். உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது? பலகையில் நீயே எழுதுகிறாயா, இல்லை இன்னும் மாணவிகளைத்தான் எழுதச் சொல்கிறாயா? தொலைபேசியில் பேச வேண்டாம் என்று சொன்னாய். அதனால் காகிதத்தை எடுத்திருக்கிறேன். கையெழுத்தைத் திட்டாமல் படி.

பத்திரிகை ஆசிரியர் வீடு தேடி வந்தார். மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் இரண்டு வந்திருக்கிறதாம், ஒப்பிட்டு எழுது என்கிறார். சரக்கு வண்டி மாதிரி நினைத்துக்கொள்ளாதே. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஒன்று ஸ்போர்ட்ஸ் மாடல், குனிந்து ஓட்டுவது, துடிப்பானது. இன்னொன்று டூரிங், நெடும்பயணத்துக்கானது. பெரிய முன் கண்ணாடி, பெட்டிகள், பின்னால் உட்காருகிறவருக்கு முதுகுச் சாய்மானம், கைவைக்க இடம், எல்லாம் உண்டு.

காதில் இந்தக் கோளாறு வந்த பிறகு நான் இரண்டு சக்கரத்தில் ஏறவே கூடாது என்பது உனக்குத் தெரியும். இது சாயாது, விழாது. மருத்துவரிடம் கேட்டேன். தலை சுற்றாத நாளில் ஓட்டலாம், சுற்றுகிற நாளில் சாவியையே தொடக்கூடாது என்றார்.

ஆசிரியர் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "'பின் இருக்கையிலிருந்து' பக்கமும் வேணும்ப்பா. அது நின்னதுலேருந்து வாசகர்கள் என்னைக் கிழிக்கிறாங்க" என்றார். இத்தனை வருஷமும் என் பின்னால் உட்கார்ந்து வந்து அந்தப் பக்கத்தை எழுதியவள் நீ. முடிவும் உன்னுடையதுதான்.

உன்,
வண்டிக்காரன்


ஜனவரி 17

வண்டிக்காரருக்கு,

மணிக்கட்டு பரவாயில்லை. எழுத முடிகிறது. டப்பா மூடிகளைத் திருகத்தான் முடியவில்லை. மூடாத டப்பாக்களோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டேன். கல்லூரி விடுதி அறை சின்னது, ஆனால் ஜன்னல் பெரியது. சக ஆசிரியைகள் அதிகம் கேள்வி கேட்பதில்லை. அது ஒரு நிம்மதி.

பின் இருக்கைப் பக்கம் பற்றி. நான் வண்டியிலிருந்து விழுந்ததற்காக வீட்டை விட்டு வந்தேன் என்று உங்கள் தங்கை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. திருத்தம் சொல்லிவிடுங்கள். வண்டி என்றால் விழும். ஆஸ்பத்திரியில் என் கைக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்தபோது, திரைக்கு அந்தப் பக்கம் உங்களிடம் மருத்துவர் கேட்டார்: "எத்தனை மாசமா தலை சுத்துது?" நீங்கள் சொன்னீர்கள்: "அஞ்சாறு மாசமா." அந்த ஐந்தாறு மாதமும் நான் உங்கள் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். மலை ரோட்டிலும் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது மருத்துவர் அனுமதித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர் அனுமதித்ததாக நீங்கள் சொல்கிறீர்கள் என்று அதை வைத்துக்கொள்கிறேன். புள்ளியியல் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவளின் புத்தி, மன்னிக்க வேண்டும்.

கட்டுரையை எழுதி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். அதில் எனக்குக் கசப்பில்லை. நான் வந்து உட்காருவது நடக்காது.

இப்படிக்கு,
விடுதி அறையிலிருந்து


பிப்ரவரி 2

அன்பு டீச்சருக்கு,

தங்கையிடம் சொல்லிவிட்டேன். "அப்படியா அண்ணி சொன்னாங்க?" என்று கேட்டாள். பிறகு, "அப்போ தப்பு உன்மேலதான்" என்றாள். ஆமாம் என்றேன். நீ எழுதியதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.

வண்டிகளை ஓட்டினேன். ஊருக்கு வெளியே பழைய விமானத் திடலை ஷோரூம்காரர்கள் இதற்கென்று எடுத்துக் கொடுத்திருந்தார்கள். முதல் வளைவிலேயே மானம் போயிற்று. இரண்டு சக்கர வண்டியில் வலப்பக்கம் திரும்ப, வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுவோம். வண்டி அந்தப் பக்கம் சாயும், சாய்ந்தபடியே திரும்பும். என் கை இதை யோசிக்காமல் செய்யும். ஆனால் இது சாயாத வண்டி. கார் மாதிரி, சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம்தான் போகும். நான் வலதைத் தள்ள, அது இடப்பக்கம் பாய்ந்து, அடுக்கி வைத்திருந்த டயர்களில் போய் முட்டிக்கொண்டு நின்றது. ஷோரூம் மேலாளர் அம்மா ஓடி வந்தார். "பயந்துடாதீங்க சார், அனுபவசாலிங்க எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுது. ஒண்ணும் தெரியாதவங்க வந்து அழகா ஓட்டிட்டுப் போயிடறாங்க" என்றார். ஆறுதல் சொன்னாரா அடித்தாரா என்று இன்னும் புரியவில்லை.

கட்டுரையை இதோடு வைத்திருக்கிறேன். சாரம் இது. ஸ்போர்ட்ஸ் எடை குறைந்தது. கியரைக் காலால் மாற்ற வேண்டும். காற்று நெஞ்சில் நேராக அடிக்கும். வளைவில் உடம்பை உள்பக்கம் வளைத்துப் பிடிக்காவிட்டால் வெளியே தள்ளும். ஒரு மணி நேரத்துக்குச் சந்தோஷம், இரண்டாவது மணியில் தோள் வலி. டூரிங் யானை. கியர் தானாக மாறும், கண்ணாடியைப் பொத்தானில் ஏற்றி இறக்கலாம், காற்றுச் சத்தம் இல்லாததால் முன்னும் பின்னும் பேசிக்கொண்டே போகலாம். நெரிசலில் நின்றால் மட்டும் இன்ஜின் சூடு காலைச் சுடும். பின்னோக்கிப் போகவும் கியர் உண்டு. நம் இரண்டு பேருக்கும் கடவுள் வைக்க மறந்தது. பின் இருக்கை மிகவும் வசதியானது.

உன்,
வண்டிக்காரன்


பிப்ரவரி 11

வண்டிக்காரருக்கு,

கட்டுரை வந்தது. டயர் வேலியில் முட்டியதை முதல் பத்தியில் வையுங்கள். வாங்கப் போகிறவருக்கு அதுதான் தெரிய வேண்டும். "யானை" வேண்டாம், போன வருஷமும் ஒரு யானை வந்துவிட்டது. காரோடு ஒப்பிடுவதை ஒரு தடவையோடு நிறுத்துங்கள்.

"பின் இருக்கை மிகவும் வசதியானது." யார் உட்கார்ந்தார்கள்?

கோபமாகக் கேட்கவில்லை. அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தேன்: உட்காராத இருக்கையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதுவதில்லை. அதனால்தான் வாசகர்கள் அதை நம்பினார்கள்.

இங்கே தேர்வு தொடங்கிவிட்டது. கண்காணிப்பு வேலை. மூன்று மணி நேரம் நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நான்


பிப்ரவரி 19

அன்பு டீச்சருக்கு,

மணல் மூட்டை உட்கார்ந்தது.

சிரிக்காதே. பின்னால் எடை இருந்தால் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க, உன் எடைக்குக் கிட்டத்தட்ட மணல் கட்டி ஏற்றினார்கள். "உங்க வீட்டம்மா என்ன எடை சார்?" என்று மேலாளர் அம்மா கேட்டார். சரியாகத் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. தோராயமாகச் சொன்னேன். மூட்டை கடைசிவரை ஒரு முனகல் இல்லாமல் வந்தது. அதைத்தான் வசதி என்று எழுதிவிட்டேன்.

அந்த வரியை அடித்துவிட்டேன். ஆசிரியரிடமும் சொன்னேன். "அப்போ பக்கம் காலியாப் போகுமா?" என்றார். போகட்டும் என்றேன்.

கேட்கக்கூடாது என்று இருந்தேன். ஆனாலும் கேட்கிறேன். வருகிற மாதம் முழுக்க வண்டிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. திடலில்தான், ரோட்டில் இல்லை. ஒரு தடவை வந்து உட்காருவாயா? மாட்டேன் என்றால் அதற்காக ஒரு கடிதம் செலவழிக்க வேண்டாம். பதில் வராவிட்டால் புரிந்துகொள்வேன்.

உன்,
வண்டிக்காரன்


மார்ச் 6

வண்டிக்காரருக்கு,

மணல் மூட்டை குறை சொல்லாது. அதனால்தான் அதை நம்பக்கூடாது.

உங்கள் கடிதத்தை நிறைய நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். தேர்வுகள் முடிந்துவிட்டன. சனிக்கிழமை காலை முதல் பேருந்தில் வருகிறேன். திடலுக்கு நேராக வந்துவிடுவேன், அன்றைக்கே திரும்புவேன். வீட்டுக்கு வரவில்லை. சமையல் கிமையல் என்று எதையும் ஏற்பாடு செய்யாதீர்கள். இரண்டு வண்டியிலும் உட்காருவேன். வளைவில் வேகத்தைக் குறைக்கச் சொன்னால் குறைக்க வேண்டும். இது பத்திரிகைக்காக. வாசகர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நான்


மார்ச் 18

அன்பு டீச்சருக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? திடலில் நம்மைச் சுற்றி ஆட்கள் நின்றதால் பேச முடியவில்லை. அன்றைக்கு நடந்ததில் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது.

காலையில் எழுந்ததுமே சுவர் லேசாக நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. திடலுக்கு வரும் வழியில் மறுபடி வந்தது. பெரிதாக இல்லை. ஓட்டியிருந்தால் ஓட்டியிருக்கலாம் என்றுகூட இப்போதும் தோன்றுகிறது. நீ ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து நடந்து வந்தாய். ஐந்து மணி நேரம் பேருந்தில் வந்திருக்கிறாய், இனி ஒரு தடவை வரமாட்டாய் என்று நினைத்தேன். சொல்லாமல் ஓட்டிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சாவியைப் போட்டும் விட்டேன். பிறகுதான் எடுத்தேன். "இன்னிக்கு காது சரியில்ல. என்னால முடியாது. உன்னை வீணா அலைய வச்சுட்டேன்" என்று நான் சொன்னதை மட்டும்தான் நீ கேட்டாய். அதற்கு முன்னால் இப்படி ஒரு நிமிஷம் இருந்தது. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மேலாளர் அம்மா, "மேடம், நீங்க கார் ஓட்டுவீங்கல்ல? நீங்க ஓட்டுங்க, சார் பின்னாடி உட்காரட்டும்" என்றபோது நீ முடியாது என்பாய் என்றுதான் எதிர்பார்த்தேன். நீ கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டாய். முதல் வளைவிலேயே சுத்தமாகத் திரும்பினாய். எனக்கு இருக்கிற கெட்ட பழக்கம் உனக்கு இல்லை. மேலாளர் அம்மா கைதட்டினார்.

ஆசிரியருக்கு நான் எழுதிய பின் இருக்கைப் பக்கத்தைக் கீழே தருகிறேன். திருத்து.

"டூரிங் மாடலின் பின் இருக்கை அகலமானது. சாய்மானம் உண்டு. ஆனால் பின்னால் இருப்பவருக்கு ரோடு தெரியாது, முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். பின்னால் பிரேக் கிடையாது. நான் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தேன். வளைவில் எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் வண்டி தள்ளிய பக்கமெல்லாம் போனேன். முன்னால் இருப்பவர் சௌகரியமாக, நலமாக இருக்கிறாரா, அவருக்கு ஏதாவது செய்கிறதா என்று பின்னால் இருப்பவரால் கண்டுபிடிக்க முடியாது. அவர் சொன்னால்தான் உண்டு."

ஷோரூமில் ஒரு வண்டியை நான் விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். டூரிங்கை எடுக்கலாம் என்று இருக்கிறேன். பின்னால் இடம் இருக்கட்டும். நீ என்ன சொல்கிறாய்?

உன்,
வண்டிக்காரன்


மார்ச் 29

உங்களுக்கு,

பக்கத்தில் திருத்த ஒன்றும் இல்லை. "சௌகரியமாக" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டேன். அது இல்லாமலே வாக்கியம் நிற்கிறது. அப்படியே ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் பெயரிலேயே வரட்டும்.

ஓட்டியதைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாவது சுற்றில் எனக்குப் பிடித்துவிட்டது. உங்களிடம் அன்று காட்டிக்கொள்ளவில்லை. நீங்கள் பின்னாலிருந்து "மெதுவா, மெதுவா" என்று கத்தியது நன்றாகவே காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்தேன்.

சாவியை நீங்கள் எடுத்ததை நான் பார்த்தேன். பேருந்தில் திரும்பும்போது, ஒரு நாள் உண்மை பேசியதை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு வந்தேன். ஒரே ஒரு அளவீட்டை வைத்து எதையும் சொல்லக்கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்கிறவள் நான். அதற்கு முன்னால் சொல்லாமல் ஓட்ட நினைத்த அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் எனக்கு அது ஒருநாளும் தெரிந்திருக்காது. எழுதினீர்கள். அதைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை.

டூரிங் வாங்க வேண்டாம். அது உங்களுக்கான வண்டி இல்லை, நமக்கானதும் இல்லை. எனக்காக ஒரு காலி இருக்கையைச் சுமந்துகொண்டு நீங்கள் ஊர் சுற்றினால், ஒவ்வொரு வளைவிலும் நான் அதில் உட்காராத கணக்கு ஏறிக்கொண்டே போகும். அது நல்லதில்லை. ஸ்போர்ட்ஸை எடுங்கள். அதன் பின் இருக்கை உட்காரவே லாயக்கில்லாதது என்று நீங்களே எழுதியிருக்கலாம், நான் ஆட்சேபித்திருக்க மாட்டேன். தலை சுற்றாத நாளில் தனியாக ஓட்டுங்கள். தோள் வலித்தால் சொல்லுங்கள்.

நான் இனி உங்கள் பின்னால் உட்காரமாட்டேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. என் உடம்பு அந்த ஆஸ்பத்திரித் திரையை மறக்கவில்லை, அவ்வளவுதான். அது மறக்கும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கவும் முடியாது.

கோடை விடுமுறைக்கு விடுதியை மூடுகிறார்கள். திறந்த பிறகும் இந்த அறை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கல்லூரிக்கு வீட்டிலிருந்தே வாரத்தில் இரண்டு நாள் வந்து போனால் போதும் என்கிறார் முதல்வர். வெள்ளிக்கிழமை மாலைப் பேருந்தில் வருகிறேன். நிறுத்தத்துக்கு வண்டி எதையும் கொண்டுவராதீர்கள், நடந்து வாருங்கள். பெட்டிகள் கனம், ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொள்ளலாம். அன்றைக்குத் தலை சுற்றினால் வர வேண்டாம். சொல்லியனுப்பினால் போதும், நானே நடந்து வந்துவிடுவேன்.

உங்கள்
டீச்சர்