முகப்பில் பெயர் இல்லாத கடிகாரம்

ஜூன் 4, 1968
நகராட்சிக் கூட்டம். குடிநீர்க் குழாய் பற்றி மூன்று மணி நேரப் பேச்சு. பத்திரிகைக்கு நான் அனுப்பியது பத்து வரி.

திரும்பும் வழியில் ஓர் ஏல நோட்டீஸ் கைக்கு வந்தது. காலமான பட்டு வியாபாரி கலியாணசுந்தர முதலியாரின் சாமான்கள், பதினாறாம் தேதி ஞாயிறு, அவர் வீட்டிலேயே. முதல் சாமான் ஒரு கைக்கடிகாரம்: 'சுவிட்சர்லாந்தில் 1946-இல் சோதனைக்காகச் செய்த ஒரே ஒரு மாதிரிக் கடிகாரம். விற்பனைக்கு வராதது.' ஆதாரமாக ஒரு பத்திரிகைச் செய்தியை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். 1951-இல் நான் எழுதியது.

ஜூன் 5
பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'முதலியார் சொன்னார்' என்றுதான் இருக்கிறது. கம்பெனிக் கடிதம் எதையும் பார்த்ததாக இல்லை. வேறு யாரையும் கேட்டதாகவும் இல்லை. அந்தச் 'சொன்னார்' அச்சில் காணவில்லை. நான்தான் விட்டேனா?

ஜூன் 8
ஏலக்காரர் வீரபாகு உற்சாகமாக இருந்தார். பழைய கடிகாரங்கள் சேர்க்கும் ஒருவர் சென்னையிலிருந்து வருகிறாராம். "முகப்புல பேரு கெடையாது, நம்பர் கெடையாது. மாதிரிக் கடியாரம்னா அப்படித்தானே இருக்கும்? அதுக்கும் மேல நீங்களே எழுதியிருக்கீங்க. வேற இன்னா சார் வேணும்?"

அவர் என்னை நம்புகிறார். நான் முதலியாரை நம்பினேன். முதலியார் யாரை நம்பினார்?

ஜூன் 10
பஸ் ஸ்டாண்டு பக்கம் கடிகாரம் ரிப்பேர் செய்யும் அந்தோணியை முதலியார் வீட்டுக்கு அழைத்துப் போனேன். பின்மூடியைத் திறந்து வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தார். கழற்றித் துடைத்த வருஷத்தை மூடியின் உள்பக்கம் ஊசியால் கீறிவைப்பது ரிப்பேர்க்காரர்கள் வழக்கம். அங்கே ஒரு சிறு சிலுவை, பக்கத்தில் 38.

"எங்கப்பா கீறினது சார். சிலுவையோட கீழ்க்கால வளைச்சுத்தான் போடுவாரு. முப்பத்தெட்டுலயே நம்ம கடைக்கு வந்துக்குது."

1946-இல் செய்த கடிகாரம்!

முதலியாரின் மனைவி வடிவாம்பாள் கதவோரம் நின்றிருந்தார். "அப்ப எங்க வூட்டுக்காரரு பொய் சொன்னாருன்றீங்களா?"

"அவர யாராவது ஏமாத்தியிருக்கலாம்மா" என்றேன்.

"ஊர்ல அத்தினி பேருக்கும் காட்டிக்கினு திரிஞ்ச மனுசன்யா. செத்தப்புறமா அவரப் பொய்யராக்கி எழுதாதீங்க."

ஜூன் 11
செய்தி எதுவும் அனுப்பவில்லை.

ஜூன் 12
அனுப்பிவிட்டேன். 'இக்கடிகாரம் பற்றி 1951-இல் நமது நிருபர் விசாரிக்காமல் எழுதினார். இது 1938-க்கு முன்பே செய்யப்பட்டது என்று இப்போது தெரிகிறது.' முதலியார் பெயர் தேவைப்படவில்லை. இருபத்தாறு வருஷ வேலையில் என்னைப் பற்றி நான் எழுதிய முதல் செய்தி.

ஜூன் 14
ஏழாம் பக்கத்தில் வந்திருக்கிறது. வீரபாகு என் வீட்டு வாசலில் நின்று கத்தினார்: "ஏலத்துக்கு ரெண்டு நாள் இருக்குது, இப்பத்தான் புத்தி வந்துச்சா உனக்கு?" 'நீங்கள்' போய்விட்டது.

ஜூன் 16
சென்னைக்காரர் வரவில்லை. கடிகாரத்தைத் தூக்கிக் காட்டியபோது வேறு யாரும் விலை கேட்கவில்லை. அந்தோணி கை தூக்கினார்.

"டூப்ளிகேட்டுன்னு சொன்னவரே வாங்குறாரு பாருங்கய்யா!" என்றார் வீரபாகு.

"டூப்ளிகேட்டுன்னு நான் எங்க சொன்னேன்? எங்கப்பா கைபட்டதுன்னுதான் சொன்னேன்."

சாதாரண விலைக்குப் போயிற்று. வடிவாம்பாள் உள்ளே போய் ஒரு பட்டுத் துண்டைக் கொண்டுவந்து அந்தோணியிடம் கொடுத்தார். "தெனம் இதாலதான் தொடைப்பாரு." என் பக்கம் திரும்பவில்லை.

ஜூன் 17
அந்தோணி கடை. 38-க்குக் கீழே 68 கீறியிருக்கிறார். "ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் பின்னால போவுது சார்" என்றார்.

ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து என் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தேன். பத்து விநாடி பின்னால்; இருபத்துநாலு மணி நேரத்துக்கு நாலு நிமிஷம். அவர் சொன்னது சரி.